தம்பி வீட்டுப் பகல் விளக்கு

என் தம்பி வீட்டுச் சமையலறையில் பட்டப்பகலில் விளக்கு எரியும். சித்திரை வெயிலில் மாடம்பாக்கத்துத் தெருவில் தார் இளகிச் செருப்பில் ஒட்டும் உச்சிப் பொழுதிலும் அது எரியும். அடுப்புக்கு மேலே ஒயரில் தொங்கும் சின்ன எல்.இ.டி. பல்பு. தாளிப்புப் புகையும் எண்ணெயும் படிந்து அதன் வெள்ளை வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. அது நான் வாங்கிக் கொடுத்த பல்பு இல்லை. நான் வாங்கிக் கொடுத்ததை அவன் தெருவில் போட்டு மிதித்தான். அந்த வீட்டில் பகலில் விளக்கு எரிவதற்குக் காரணம் நான். என் தம்பிக்கு ஒரு கண் போனதற்கும் நான்தான் காரணம். இரண்டாவதை நாங்கள் ஊருக்கும் போலீசுக்கும் வேறு வேறு மாதிரிச் சொல்லிவைத்திருந்தோம். அவன் இப்போது இல்லை. பார்த்திருந்த அவன் மனைவி வாய் திறக்க மாட்டாள். நடந்ததைச் சொல்வதற்கு நான் ஒருவன்தான் மிச்சம்.

தாத்தா காலத்தில் எங்களுக்கு இங்கே நிலம் இருந்தது. அப்பா அதை மனை மனையாகப் பிரித்து விற்றார். கடைசியாக மிஞ்சியதில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டிக்கொடுத்தார். நடுவில் ஒரு சந்து. பத்திரத்தில் அந்தச் சந்து என் பங்கில் இருந்தது. ஆனால் தம்பி வீட்டுச் சமையலறை ஜன்னல் அதில்தான் திறந்தது. அப்பா உயிரோடு இருந்தவரை சந்து யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. அவரிடம் கேள்வி கேட்கும் பழக்கமே எங்களுக்கு இல்லை. கோபம் வந்தால் பம்புசெட் மோட்டாரின் பெல்ட்டால் அடிப்பார். நான் அந்த அடியை வாங்கிக்கொண்டு போய்த் தம்பியை அடிப்பேன். தம்பி தெருவில் இறங்கிக் கையில் கிடைத்த கல்லை எடுத்து நாயைத் தேடுவான். பிறகு நான் படித்தேன், பிசிக்ஸ் ஆசிரியரானேன், பெல்ட்டுக்குப் பதில் என் கையில் பிரம்பு வந்தது. ஒளி நேர்கோட்டில் செல்லும் என்பதைத் தப்பாகச் சொன்ன பையன்களின் விரல் முட்டியில் அடித்திருக்கிறேன். அவர்கள் இன்று என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார்கள். என்னால் அவர்களுடைய கையைப் பார்க்க முடிவதில்லை.

தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. ஆனால் ஸ்டியரிங் பிடித்தால் அவனைப்போல ஒருவன் இந்தப் பக்கத்தில் கிடையாது. சொந்தமாக ஒரு ஸ்கூல் வேன் வைத்திருந்தான். கேம்ப் ரோட்டிலும் சேலையூரிலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவான். எந்தக் குழந்தை எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வாந்தி எடுக்கும் என்பதுகூட அவனுக்குத் தெரியும். ஓட்டுநர் உரிமத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் நெஞ்சோடு வைத்திருப்பான். "நீ எம்.எஸ்சி., நான் ஹெவி" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பான். எனக்குக் கார் ஓட்டக் கற்றுத் தந்தவனும் அவன்தான். மனைவி இறந்த பிறகு தனிமைக்குத் துணையாக நான் ஒரு கார் வாங்கியிருந்தேன். அதை வாரம் ஒருமுறை வெளியே எடுத்துக் கழுவித் துடைத்து நிறுத்துவது அவன் வேலையாக இருந்தது. நான் கேட்டதில்லை, அவனாகச் செய்தான்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஐப்பசி கார்த்திகை என்றால் ஒரு பயம் உண்டு. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக உபரி நீர் போக ஆரம்பித்தால், கார் வைத்திருப்பவர்கள் எல்லாம் அதை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். ஒரு கார்த்திகையில் பெருமழை பெய்த அன்று தம்பி முதலில் வேனை ஏற்றிவிட்டு வந்து என் காரை எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னான். போனவன் திரும்புவதற்குள் தெருவில் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. என் கார் என் கண்ணெதிரில் சீட் வரை முழுகியது. அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீரில் நடந்து வந்து சேர்ந்தபோது நான் மாடியிலிருந்து, "உன் வண்டி பத்திரமா?" என்று கேட்டேன். வேன் அவன் சோறு, என் கார் வெறும் பொழுதுபோக்கு. இதை நான் அன்றே அறிந்திருந்தேன். அறிந்தும் அந்தக் கோபத்தை ஒரு வருடம் கெடாமல் வைத்திருந்தேன்.

அந்தக் கோபத்தின் மேல்தான் கார் ஷெட் எழுந்தது. தரையைத் தெருவை விட நன்றாக உயர்த்தினேன். மூன்று பக்கமும் ஹாலோ பிளாக் சுவர், மேலே தகரக் கூரை. வெளிச்ச விஷயத்தில் நான் படித்த படிப்பு முழுவதையும் இறக்கினேன். கரண்ட் செலவு வைக்கக் கூடாது என்பது என் வைராக்கியம். கூரைத் தகடுகளுக்கு இடையிடையே கண்ணாடிபோல ஒளி விடும் பிளாஸ்டிக் ஷீட் போட்டேன். உள்சுவர் முழுவதும் வெள்ளை அடித்தேன், கூரையின் உட்பக்கம்கூட வெள்ளை. தரையில் சிவப்பு ஆக்ஸைடு போடலாம் என்றார்கள். அது ஒளியைக் குடித்துவிடும் என்று சொல்லி வெளிர்ச் சாம்பல் நிறத்தில் தேய்க்கச் சொன்னேன். இரவுக்கு இரண்டே இரண்டு எல்.இ.டி. டியூப். ஒன்று கூரையில். மற்றொன்று பக்கச் சுவரில், இடுப்பு உயரத்தில். மேலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால் வண்டியின் நிழலே டயர் பக்கத்தை இருட்டாக்கிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆள் அசைந்தால் எரிந்து, போனால் தானாக அணையும்படி சென்சாரும் வைத்தேன். சிக்கனமாக ஒரு ஷெட்டுக்கு வெளிச்சம் வைப்பது எப்படி என்று யாராவது கேட்டால் இன்றும் இதைத்தான் சொல்வேன். அதில் ஒரு பிழையும் இல்லை.

இடுப்பு உயரத்தில் டியூப் மாட்டிய அந்தச் சுவர் சந்தை விழுங்கிக்கொண்டு நின்றது. அதன் மறுபக்கம் தம்பியின் சமையலறை ஜன்னல். கம்பி வழியாக அவன் மனைவி கையை நீட்டினால் சுவரில் இடிக்கும். அஸ்திவாரம் தோண்டும்போதே அவள் என்னிடம் வந்து, ஜன்னலை மட்டும் விட்டுக் கட்டுங்கள் மாமா, உலை கொதிக்கிறதா என்றுகூடத் தெரியாமல் போய்விடும் என்று கேட்டாள். பத்திரத்தைப் பார்க்கச் சொன்னேன். சுவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டியிருந்தாலும் என் கார் தாராளமாக நின்றிருக்கும். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, கதவைத் திறந்து மூடி, நானே சரிபார்த்திருந்தேன். பிறகு அந்தக் கோட்டைச் செருப்பால் தேய்த்து அழித்தேன். ஜன்னல் மறையும் என்பது எனக்குத் தெரியும். மறைய வேண்டும் என்பதே என் விருப்பம்.

சுவர் எழ எழத் தம்பி என் காரைத் துடைப்பதை நிறுத்தினான், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வீடு முழுவதும் எல்.இ.டி.க்கு மாற்றியதில் பழைய டியூப் லைட்டுகள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. குப்பை வண்டிக்காரர்கள் அவற்றை வாங்குவதில்லை. வாங்கினால் கையைக் கிழிக்கும். அதனால் இந்தப் பக்கத்து வீடுகளில் பியூஸ் போன டியூப் லைட்டுகள் கதவுக்குப் பின்னாலும் மாடிப்படிக்கு அடியிலும் வருடக்கணக்காகச் சாய்ந்து நிற்கும். நானும் என்னுடையதைச் சணலால் கட்டிப் புது ஷெட்டின் மூலையில் சாய்த்து வைத்தேன். அவை ஆபத்தான பொருள் என்று எனக்கு ஒரு கணமும் தோன்றவில்லை.

ஆயுத பூஜை அன்று காலையில் ஷெட்டைத் திறந்தேன். தெருவில் எல்லா வீட்டு வண்டிகளுக்கும் மாலை போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு பூசணிக்காய் உடைத்து, குங்குமம் கலந்த சதை தெருவில் சிதறிக் கிடந்தது. தம்பி அவன் வேனுக்கு முன்னால் ஜாக்கி, வீல் ஸ்பேனர், கடப்பாரை எல்லாவற்றையும் துணியில் வரிசையாக வைத்துச் சந்தனம் பூசியிருந்தான். பூஜையில் வைத்த கருவியை அன்று முழுவதும் யாரும் தொடக் கூடாது. அதற்கும் ஓய்வு. ஓட்டுநர்கள் இதில் மிகவும் கண்டிப்பானவர்கள். அவனும் அப்படித்தான்.

எதிர்வீட்டுக்காரரும் இன்னும் சிலரும் ஷெட்டைப் பார்க்க வந்தார்கள். நான் டியூபைப் போட்டுக் காட்டினேன், அணைத்துக் காட்டினேன். அணைத்த பிறகும் கூரை ஷீட் வழியாக வெயில் இறங்கி, வெள்ளைச் சுவரில் பட்டு, ஷெட் பளிச்சென்று இருந்தது. "பகல்ல லைட்டே தேவையில்ல" என்று சொல்லிக்கொண்டே டியூபை மறுபடி சென்சாரில் விட்டேன். உரக்கவே சொன்னேன். யார் காதில் விழ வேண்டும் என்று சொன்னேன் என்பதும் எனக்குத் தெரியும்.

தம்பி வேனுக்கு அருகிலிருந்து திரும்பிப் பார்த்தான்.

"இன்னா சொன்ன?"

நான் சிரித்தேன்.

"பகல்ல லைட்டே தேவையில்லியா வாத்தியாரே? என் வூட்ல வந்து பாரு. காலைலேர்ந்து லைட்டு போட்டுகினுதான் ஆக்கினு கீறா. எங்க வூட்டு வெளிச்சத்த எடுத்து உன் காருக்குப் போட்டுகினு சிரிக்கிற."

சொல்லிக்கொண்டே குனிந்து கடப்பாரையை எடுத்தான். அதன் கழுத்தில் கட்டியிருந்த பூச்சரம் அறுந்து விழுந்தது. அவன் அதை எடுப்பான் என்று அங்கிருந்த யாரும் நினைக்கவில்லை. நான், "பூஜையில வெச்சதுடா, தொடாதே" என்று கத்தினேன். அந்த நேரத்தில் எனக்குச் சாஸ்திரம் நினைவு வந்ததை எண்ணினால் இன்றும் உடம்பு கூசுகிறது. அவன் உள்ளே வந்து சுவரில் ஒரே குத்தாகக் குத்தினான். பிளாக் உடைந்து சரிந்து ஒரு தலை நுழையும் அளவு துளை விழுந்தது. அதன் வழியாக ஜன்னல் கம்பியும், கம்பிக்குப் பின்னால் அவன் மனைவியின் முகமும், அவள் தலைக்கு மேல் எரிந்த பல்பும் தெரிந்தன. அவன் மறுபடியும் ஓங்கினான்.

நான் மூலைக்குப் போனேன். தரையில் உடைந்த பிளாக் கிடந்தது, கட்டை கிடந்தது. அவற்றை விட்டு டியூப் லைட் ஒன்றை உருவினேன். லேசான பொருள், பட்டால் பெரிதாக வலிக்காது, பயந்து நிற்பான் என்று நினைத்தேன். இதை இத்தனை வருடங்களில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அவன் முதுகில் அடித்தேன். அது வெடித்தது. பட்டாசுபோலச் சத்தம், வெள்ளைத் தூள், கண்ணாடி மழை. ஒரு சில்லு பறந்து கண்ணில் பட்டுவிட்டது என்றுதான் கல்யாணமாகி வெளியூர் போய்விட்ட என் மகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் சொன்னேன். சத்தத்துக்கே ஓடிப்போய்த் தெருவில் நின்றவர்கள் அதை நம்பினார்கள்.

அது பொய். முதல் அடியில் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். கையை முகத்துக்கு முன்னால் தூக்கவில்லை. அண்ணன் அடித்துவிட்டான், முடிந்தது என்ற முகத்தோடு திரும்பினான். சிறு வயதில் நான் அடித்த பிறகு அப்படித்தான் திரும்புவான். என் கையில் டியூபின் அடிப்பகுதி மிச்சம் இருந்தது, முனை முழுவதும் பல் பல்லாக. அதை அவன் முகத்தில் குத்தினேன். பலமாகக் குத்தினேன். எப்படி இருந்தது என்று கேட்டால், அந்தக் கணத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் அவன் விரல்களுக்கு இடையில் இரத்தம் வந்தது. இடுப்பு உயரத்து டியூப் எங்கள் அசைவுக்கு எரிந்துகொண்டிருந்தது.

குரோம்பேட்டை மருத்துவமனையில் கட்டுப் போட்டு எழும்பூர்க் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று அங்கே சொன்னார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து எப்படி நடந்தது என்று விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி சொன்னான், ஏணியில் நின்று அண்ணன் ஷெட்டுக்கு டியூப் லைட் மாட்டினேன், வழுக்கி விழுந்துவிட்டேன் என்று. அவன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். போலீஸ்காரர் போன பிறகு நான் அவன் காலைத் தொட்டேன். அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"பாசம்னு நெனைக்காத. கேஸு குடுத்தா கொஞ்ச நாள் உள்ள இருந்துட்டு வந்துடுவ. உனுக்கு அத்தோட தீந்துடும். தீரக் கூடாது. தெனம் காலைல எந்திரிச்சி இந்த மூஞ்சப் பாக்கணும் நீ."

அப்படியே செய்தான். வேனை விற்றான். உரிமத்தை மட்டும் பிளாஸ்டிக் உறையோடு பையில் வைத்திருந்தான். தினமும் காலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தெருவில் என் ஷெட்டுக்கு எதிரில் போட்டு உட்காருவான். ஸ்கூல் வேன்கள் தெருவில் வரும், பழைய பிள்ளைகள் சிலர் ஜன்னல் வழியாகக் கை ஆட்டுவார்கள், அவனும் ஆட்டுவான். பிறகு முகத்தை என் பக்கம் திருப்பிக்கொள்வான். கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னார்கள், போடவில்லை. நான் ஷெட்டைத் திறந்தால் அந்த மூடிய குழி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நாளில் காரை விற்றுவிட்டேன். காலி ஷெட்டுக்குள் கூரையிலிருந்து வெயில் இறங்கிச் சதுரம் சதுரமாகத் தரையில் நகர்ந்துகொண்டிருந்தது.

சுவரை இடித்துவிடுகிறேன் என்று சொல்ல ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போனேன். அதற்கு முன்பு அவன் குத்திய துளையைக்கூட நான் பூசி அடைத்திருந்தேன், மழை அடிக்கிறது என்று காரணம் சொல்லி. அவன் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனான். அந்தச் சுவரில் என் தலையை மோதினான். ஒருமுறை, மறுமுறை. இரத்தம் புருவத்தில் வழிந்து வாயில் உப்புக் கரித்தது. நான் தடுக்கவில்லை. எத்தனையோ காலமாக மூச்சு அடைத்திருந்தவனுக்குக் காற்று கிடைத்ததுபோல இருந்தது. அவன் ஒற்றைக் கண்ணால் என் முகத்தை உற்றுப் பார்த்தான். கையை எடுத்தான்.

"சந்தோஷமா கீது, இல்ல? குடுக்க மாட்டேன் உனுக்கு."

பிறகு சுவரைத் தட்டிக் காட்டினான். "இதுல கை வெச்ச, கைய ஒடிச்சிடுவேன். நிக்கட்டும். அவ லைட்டு போட்டுகினே ஆக்கட்டும். ஸ்விட்ச் போடுற சத்தம் உனுக்கு இங்க கேக்குதில்ல? கேளு."

கேட்டது. விடிந்ததும் சுவருக்கு அப்பால் 'டிக்' என்று ஒரு சத்தம். பல வருடங்கள் அந்தச் சத்தத்தில்தான் எனக்குப் பொழுது விடிந்தது. அதன் பிறகு அவன் என் மீது கை வைக்கவில்லை, ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்பாவின் பெல்ட் எத்தனையோ பரவாயில்லை. அடி விழுந்து முடிந்துவிடும்.

போன ஐப்பசியில் ஒரு காலை அவன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டான். நெஞ்சு வலி. நான் ஓடிப்போய்த் தாங்கியபோது என் கையில்தான் இருந்தான், ஆனால் தலை ஏற்கெனவே தொங்கிவிட்டது. சட்டைப் பையில் உரிமம் என் விரலில் தட்டுப்பட்டது. அவன் வீட்டு முன்னால் உடலை வைக்க இடம் போதவில்லை. நான் கேட்கத் துணியவில்லை. அவன் மனைவியே சொன்னாள், ஷெட்டில் வையுங்கள், இத்தனை நாள் அவர் பார்த்துக்கொண்டே இருந்த இடம்தானே என்று. சாம்பல் நிறத் தரையில் ஐஸ் பெட்டியை வைத்தோம். வருகிறவர்கள் அசைவுக்கெல்லாம் டியூப் எரிந்து எரிந்து அணைந்தது. உச்சி வேளையில் கூரையின் வெயில் சதுரம் நகர்ந்து வந்து அவன் முகத்தில் நின்றது. நிழலே விழாதபடி நான் திட்டமிட்ட வெளிச்சம். அந்தக் குழியின் ஓரத்துத் தழும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவன் சொன்னது சரி, நான் பார்த்தேன்.

காரியம் முடிந்த பிறகு ஆள் யாரையும் கூப்பிடாமல் நானே சுவரை இடித்தேன். இந்த வயதில் கடப்பாரை தூக்குவது எளிதில்லை. அவன் கடப்பாரை. அவன் மனைவியிடம் கேட்டு வாங்கினேன், தயங்காமல் எடுத்துக் கொடுத்தாள். உள்ளங்கை தோல் உரிந்தது. வெள்ளை அடித்த பிளாக்குகள் ஒவ்வொன்றாக விழ, கடைசியில் ஜன்னல் முழுவதும் வெளியே வந்தது. பின்பு ஆள் வைத்து மேலிருந்த கூரையையும் கழற்றினேன். சந்து மறுபடியும் சந்தாக ஆனது. மத்தியான வெயில் ஜன்னல் கம்பி வழியாக நுழைந்து அடுப்பு மேடையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் அவள் கையிலும் விழுந்தது. அவள் கரண்டியோடு நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். நான் ஏதோ எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

"அவரு இருந்தப்ப வராத வெளிச்சம்" என்றாள். "கூசுது மாமா."

மறுநாள் சந்துப் பக்கம் போனேன். ஜன்னலுக்கு உள்பக்கம் ஒரு தடித்த போர்வையை ஆணியடித்துக் கட்டியிருந்தாள். உள்ளே பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. பிறகு 'டிக்'. போர்வையின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. தலைக்கு மேல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.